ஸ்டில்ட் வைத்த பழைய கான்கிரீட் அடுக்ககம்: நிலநடுக்கத் தாங்குதிறனை மதிப்பிட்டுப் பலப்படுத்தும் முறை

2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கம் வந்தபோது, மையப்புள்ளியிலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் கான்கிரீட் அடுக்ககங்கள் சரிந்தன. அவற்றில் பல, கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டு மேலே வீடுகள் கட்டியவை. அதே அமைப்பில் 1980, 90களில் எழுந்த கட்டடங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஸ்டில்ட் எனப்படும் அந்தத் திறந்த தூண் தளத்துக்கு மேல் மூன்று அல்லது நான்கு தளம் உள்ள அத்தகைய கட்டடத்தை எப்படி மதிப்பிடுவது, எப்படிப் பலப்படுத்துவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

1 முதல் 3 வரையிலான படிகளைக் குடியிருப்போர் சங்கமே ஓர் இளம் பொறியாளரை வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும், கையொப்பமும் அவருடையதாக இருக்க வேண்டும்.

முதல் தவறு வரிசையில்தான் நடக்கிறது. பெரும்பாலோர் சோதனைக்கூடத்தை அழைத்து, "கான்கிரீட் நல்லா இருக்கான்னு பாருங்க" என்பதில் தொடங்குகிறார்கள். கான்கிரீட் நன்றாக இருந்தும் கட்டடம் விழலாம். எங்கே உடையும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அந்த இடத்தைச் சோதியுங்கள், அதன்பின் கணக்கு, கடைசியில்தான் வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கட்டமைப்பு வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் தேடுங்கள். முதலாவது கிடைத்துவிடும். இரண்டாவது சிலரிடம்தான் இருக்கும். மூன்றாவது பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் தேடியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆவணம் குறையக் குறைய, 7-ஆம் படியில் கட்டடத்தின் வலிமையைக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

கட்டி முடித்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள். இது மிக முக்கியம். 1993-க்கு முன் கட்டியதென்றால், நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் விதத்தைச் சொல்லும் ஐஎஸ் 13920 இந்தியத் தரநிலை அப்போது வரவேயில்லை. 2002-க்கு முன் என்றால், நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 தரநிலையின் அன்றைய ஆபத்து வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் மூன்றாம் மண்டலமானது. பலர் நிலநடுக்கக் கணக்கே போடாமல், பாரத்தை மட்டும் பார்த்துத் தூண் அளவைத் தீர்மானித்த காலம் அது.

பிறகு வந்த மாற்றங்களையும் பட்டியலிடுங்கள்: மேலே கூட்டிய தளம், மொட்டை மாடியில் வைத்த கூடுதல் தண்ணீர்த் தொட்டி, ஸ்டில்ட்டில் கட்டிய வாட்ச்மேன் அறை, உடைத்தெடுத்த சுவர். வரைபடத்தில் எதுவும் இருக்காது. நீண்ட காலம் குடியிருக்கும் பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

2. தூண் வரைபடம் போடுதல்

பழைய வரைபடம் கையில் இருந்தாலும் ஸ்டில்ட்டில் ஒவ்வொரு தூணையும் நீங்களே அளந்து பாருங்கள். தூணுக்கு எண் கொடுங்கள். இரு பக்க அளவு, நீளமான பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது, தரையிலிருந்து பீமின் அடி வரை உயரம், அந்தத் தூணில் வந்து சேரும் பீம்கள் எவை என்பதை எழுதுங்கள்.

அளக்கும்போது பூச்சைக் கழிக்க மறக்காதீர்கள். வெளியே 260 மி.மீ. என்று தெரியும் தூண் உள்ளே 230 மி.மீ. ஆகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் 15 மி.மீ. பூச்சு போய்விடுகிறது. புதியவர்கள் பூச்சோடு அளந்து கணக்கில் போட்டுவிடுவதால், இல்லாத வலிமை தாளில் வந்துவிடுகிறது.

எல்லாத் தூணும் ஒரே திசையில் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள் தூண் மறைய வேண்டும் என்பதற்காக 230 × 450 தூண்களை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்த கட்டடங்கள் நிறைய. ஒரு திசையில் அவை வலுவாக நிற்கும். குறுக்குத் திசையில் 230 மி.மீ. தடிமன் மட்டுமே தாங்க வேண்டும். நிலநடுக்கம் திசை பார்த்து வராது.

3. எங்கே உடையும் என்று கண்ணால் தேடுதல்

கருவி எதுவும் தேவையில்லாத படி. ஆனால் கட்டடத்தின் விதியை இதுதான் பெரும்பாலும் சொல்லிவிடும். அவசரப்படாமல் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

*ஸ்டில்ட்.* மேல் தளங்களில் தூண்களுக்கு இடையே செங்கல் சுவர் நிறைந்திருக்கிறது. அந்தச் சுவர்கள் தூணும் பீமும் சேர்ந்த சட்டகத்தை இறுக்கிப் பிடிப்பதால் மேல்பகுதி முழுவதும் ஒரே கட்டியாக நகரும். கீழே சுவர் இல்லை. அசைவு முழுவதும் ஸ்டில்ட் தூண்களிலேயே குவிகிறது. மேல்முனையும் கீழ்முனையும் எதிரெதிராக வளைந்து அந்த இடத்தில் நொறுங்கும். ஐஎஸ் 1893-இன் 2002 பதிப்பு இதற்கு அளவு கொடுத்தது: ஒரு தளத்தின் விறைப்பு மேல்தளத்தின் விறைப்பில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது மென்தளம், வலிமை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பலவீனத் தளம். ஸ்டில்ட் கட்டடங்களில் சுவரின் விறைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தச் சோதனையில் தேறுபவை அபூர்வம்.

*குட்டைத் தூண்.* தூணின் பாதி உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டினால், வளையக்கூடிய நீளம் பாதியாகிவிடும். விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அந்தத் தூண் எட்டு மடங்கு விறைப்பாகி, பக்கத்துத் தூண்களின் பங்கையும் தன்மேல் இழுத்துக்கொண்டு குறுக்காக வெடிக்கும். பம்பு அறைச் சுவர், மீட்டர் பெட்டி வைத்த அரைச் சுவர், தூணோடு ஒட்டிய மதில் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

அதிகம் தவறவிடும் இடம் மாடிப்படி. படியின் நடுத் திருப்பத்தில் வரும் பீம், தூணைப் பாதி உயரத்தில் பிடிக்கிறது. கட்டடத்திலேயே மோசமான குட்டைத் தூண் அதுதான். தப்பி ஓட வேண்டிய வழியும் அதுவேதான்.

*திருகல்.* லிப்ட் சுவரும் படிக்கட்டும் ஒரு மூலையில் குவிந்து, எதிர்மூலை வெறும் தூணாக இருந்தால், கட்டடம் நகர்வதோடு சுழலவும் செய்யும். எதிர்மூலைத் தூண்களுக்குத்தான் அதிக நகர்வு வரும். 2-ஆம் படியில் போட்ட வரைபடத்தில் அந்த மூலையை வட்டமிட்டு வையுங்கள்.

*அந்தரத் தூண்.* முதல் தளத்தில் சுவரைத் தெருப்பக்கம் நீட்டுவதற்காக, நீட்டுப் பீமின் நுனியில் தூணை ஏற்றியிருப்பார்கள். அது தரைக்கு வராது. அதற்கு மேலே உள்ள பாரமும் பக்கவாட்டு விசையும் சுற்றுவழியாகத்தான் இறங்க வேண்டும். இது இருந்தால் கையால் போடும் எளிய கணக்கோடு நிறுத்தக் கூடாது, நேரே 7-ஆம் படியின் விரிவான பகுப்பாய்வுக்குப் போங்கள்.

*பக்கத்துக் கட்டடம்.* இரண்டுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி கூட இல்லையென்றால் மோதும். தளமட்டங்கள் ஒன்றாக இருந்தால் சேதம் குறைவு. பக்கத்து வீட்டுத் தளம் உங்கள் தூணின் நடுவில் வந்து இடிக்கும் மட்டத்தில் இருந்தால் ஆபத்து பெரிது. மட்ட வித்தியாசத்தை அளந்து குறியுங்கள்.

4. கையால் ஒரு கணக்கு

கணினிக்குப் போகும் முன் ஒரு தாளில் இதைப் போடுங்கள். பத்து நிமிட வேலை. பிறகு மென்பொருள் தரும் விடை சரியா தவறா என்று உரைத்துப் பார்க்கவும் இதுதான் உதவும்.

ஒரு மாதிரிக் கட்டடம்: 14 × 10 மீட்டர், ஸ்டில்ட்டும் மூன்று தளமும், உயரம் 12 மீட்டர், நான்குக்கு நான்கு வரிசையில் 16 தூண்கள், ஒவ்வொன்றும் 230 × 300 மி.மீ., கான்கிரீட் எம்15 (ச.மி.மீ.க்கு 15 நியூட்டன் வலிமை). அந்தக் காலத்தில் 1:2:4 கலவையில் (சிமெண்டு, மணல், ஜல்லி) எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

எடை: சுவர், தளம், தூண், குடியிருப்புப் பாரத்தின் ஒரு பங்கு எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன். மூன்று தளங்களுக்குத் தலா 1,700, மொட்டை மாடிக்கு 1,300, மொத்தம் 6,400 கிலோநியூட்டன்.

அலைவுக் காலம் (கட்டடம் ஒருமுறை அசைந்து திரும்ப எடுக்கும் நேரம்): சுவரில்லாச் சட்டகச் சூத்திரப்படி 0.075-ஐ உயரத்தின் 0.75 அடுக்கால் பெருக்கினால் 0.48 வினாடி. சுவரைச் சேர்த்த சூத்திரப்படி 0.29 வினாடி. நடுத்தர மண்ணில் இரண்டுக்கும் அலைமாலைக் கெழு (தரையின் அதிர்வு கட்டடத்தில் எத்தனை மடங்காகும் என்பது) 2.5 தான். எந்தச் சூத்திரம் என்று இங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

விசை: மூன்றாம் மண்டலக் கெழு 0.16, அதில் பாதி 0.08. பழைய சாதாரணச் சட்டகத்துக்குக் குறைப்புக் காரணி (உடையாமல் வளைந்து கொடுக்கும் திறனுக்காக விசையை வகுக்கும் எண்) 3. எனவே 0.08 × 2.5 ÷ 3 = 0.067. எடையால் பெருக்கினால் அடிமட்ட வெட்டுவிசை, அதாவது கட்டடத்தின் அடியைப் பக்கவாட்டில் தள்ளும் மொத்த விசை, சுமார் 427 கிலோநியூட்டன். இங்கே 5-ஐப் போடுவது பெருந்தவறு. அது ஐஎஸ் 13920 முறைப்படி ரிங் (நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) கட்டிய கட்டடங்களுக்கு மட்டும் உரியது. 5 போட்டால் விசை 256 ஆகக் குறைந்து, கட்டடம் பாஸ் ஆனது போலத் தோன்றும்.

மீதமுள்ள ஆயுளுக்கான சலுகை: பழைய கட்டடங்களை மதிப்பிட்டுப் பலப்படுத்துவதற்கான ஐஎஸ் 15988:2013 வழிகாட்டி நெறி, மீதி ஆயுளை மொத்த ஆயுளால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கச் சொல்கிறது. 50 ஆண்டில் 30 மீதி என்றால் 0.775. 0.7-க்குக் கீழே போக அனுமதி இல்லை. விசை 331 கிலோநியூட்டனாகிறது. இந்தச் சலுகை ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்கானது. புதிதாகச் சேர்க்கும் தளத்துக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

தூண்களின் சராசரி வெட்டுத் தகைவு: மொத்தத் தூண் பரப்பு 1.104 ச.மீ. விசையைப் பரப்பால் வகுத்து, தூண் எண்ணிக்கை ÷ (தூண் எண்ணிக்கை − விசையின் திசையிலுள்ள சட்டக வரிசைகளின் எண்ணிக்கை, இங்கே 4), அதாவது 16 ÷ 12-ஆல் பெருக்கினால் 0.40 நியூட்டன்/ச.மி.மீ. வருகிறது. எல்லை: 0.4 அல்லது கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் சிறியது. எம்15-க்கு அது 0.387. சலுகை கொடுத்தும் தேறவில்லை. தூண் 230 × 230 ஆக இருந்தால் 0.52, தோல்வி வெளிப்படை.

ஐஎஸ் 1893-இன் 2002 பதிப்பு, திறந்த தரைத்தளத் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப் போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது என்பதையும் மனதில் வையுங்கள். சராசரித் தகைவு எல்லையை ஒட்டி நின்றாலே ஸ்டில்ட் கட்டடத்துக்கு அது நல்ல செய்தி அல்ல.

5. சோதனைகள்: எங்கே, எந்த வரிசையில்

இப்போதுதான் சோதனைக்கூடத்தை அழைக்க வேண்டும். ஏனென்றால் எந்தத் தூணைச் சோதிக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரியும்: திருகல் மூலை, மாடிப்படித் தூண், பாரம் அதிகமுள்ள நடுத்தூண். கைக்கு எட்டும் தூணைச் சோதித்துவிட்டுப் போவது சோதனைக்காரரின் வழக்கம். பட்டியலை நீங்கள் கொடுங்கள்.

முதலில் சுத்தியால் தட்டிப் பார்த்தல். பூச்சை விலக்கி, கம்பி உளுத்துக் கான்கிரீட் உப்பிய இடத்தைப் பொத்தலான ஓசையை வைத்துக் குறியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்தது மீயொலி வேகம், அதாவது கான்கிரீட்டுக்குள் ஒலியலை செல்லும் வேகம். வினாடிக்கு 3.5 முதல் 4.5 கி.மீ. என்றால் நல்ல கான்கிரீட், 3-க்குக் கீழே சந்தேகம். தூணின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து எடுங்கள். ஒரே பக்கத்தில் வைத்து எடுத்த அளவை இந்த எல்லைகளோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவு வரும். தூணின் அடிப்பகுதியையும் எடுங்கள். ஊற்றும்போது ஜல்லி தங்கித் தேன்கூடு போல ஓட்டை விழும் இடம் அதுதான். தூணின் நடுவில் மட்டும் எடுத்து நல்ல வேகம் வந்ததாக எழுதிய அறிக்கைகள் ஏராளம்.

மேற்பரப்பில் மோதித் துள்ளும் அளவை எண்ணாகக் காட்டும் மீள்துள்ளல் சுத்தியலை மட்டும் நம்பி வலிமையை எழுதாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பல ஆண்டுகளாக ஏறி மேற்பரப்பைக் கடினமாக்கியிருக்கும். எண் உயர்வாக வரும், உள்ளே வலிமை அவ்வளவு இருக்காது.

எனவே கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்தாக வேண்டும். குறைந்தது மூன்று. விட்டம், பெரிய ஜல்லியின் அளவைப் போல் மூன்று மடங்காவது வேண்டும். 20 மி.மீ. ஜல்லிக்கு 75 மி.மீ. கோர் போதும். 230 மி.மீ. தூணில் 100 மி.மீ. கோர் எடுப்பது தூணையே காயப்படுத்துவது. கோர் எடுக்கும் முன், உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கவர் மீட்டரால் கம்பியைக் குறித்து, தூணின் நடு உயரத்தில், கம்பிகளுக்கு நடுவே எடுங்கள். முனைகளில் எடுக்கக் கூடாது. வளைவு அதிகமாக வரும் இடம் முனைகளே. எடுத்த அன்றே சுருங்காத கலவையால் குழியை அடைத்துவிடுங்கள்.

கோர் வெட்டிய குழியிலோ புதிதாக உடைத்த பரப்பிலோ பினால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். சிவந்தால் காரத்தன்மை இருக்கிறது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால், கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தைக் காட்டும் அரை மின்கல அளவு −350 மில்லிவோல்ட்டை விட எதிர்மறையாகப் போனால் துருப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு.

6. கம்பியைத் திறந்து பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்த அறிக்கையை ஏற்காதீர்கள். கவர் மீட்டர் ரிங் எங்கே இருக்கிறது என்று சொல்லும். கொக்கி எப்படி வளைந்திருக்கிறது என்று சொல்லாது. உயிரைக் காப்பது கொக்கிதான்.

குறைந்தது மூன்று தூண்களில், பீமுக்குச் சற்றுக் கீழே, 450 மி.மீ. உயரத்துக்கு, கம்பியை மூடியுள்ள கவர் கான்கிரீட்டைக் கவனமாகத் தட்டி எடுங்கள். பார்க்க வேண்டியவை: நேர்க்கம்பி முறுக்குக் கம்பியா, வழவழப்பான மைல்டு ஸ்டீலா, விட்டமும் எண்ணிக்கையும், ரிங்கின் தடிமன், ரிங்குகளுக்கு இடையே தூரம், கொக்கிக் கோணம், தூணும் பீமும் சேரும் ஜாயிண்டுக்குள் ரிங் இருக்கிறதா, கம்பியை எங்கே ஓவர்லாப் செய்திருக்கிறார்கள்.

பழைய கட்டடங்களில் வழக்கமாகக் காண்பது 6 மி.மீ. ரிங், 200 மி.மீ. இடைவெளி, 90 பாகைக் கொக்கி. ஐஎஸ் 13920 கேட்பது: முனைகளில் குறைந்தது 450 மி.மீ. நீளத்துக்கு, 100 மி.மீ.க்கு மேற்படாத இடைவெளியில், 135 பாகைக் கொக்கி. 90 பாகைக் கொக்கி, கவர் கான்கிரீட் உதிர்ந்ததும் வெளியே விரிந்துவிடும். அதன்பிறகு ரிங் இருந்தும் பயனில்லை. நேர்க்கம்பி வெளியே வளையும், உள்ளே இருக்கும் கான்கிரீட் பொடியாகும், தளம் இறங்கும்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். நம் 230 × 300 தூணின் வளைவுத் திறன் 55 கிலோநியூட்டன்-மீட்டர், பீமுக்கு அடியில் உயரம் 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் முழுமையாக வளையும்போது வரும் வெட்டுவிசை 2 × 55 ÷ 2.3 = 48 கிலோநியூட்டன். கான்கிரீட் தாங்குவது சுமார் 30. 200 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் ரிங் தருவது சுமார் 16. மொத்தம் 46. வளையும் முன்பே தூண் குறுக்காக வெடிக்கும். கொக்கி விரிந்தால் அந்த 16-உம் போய்விடும்.

வளைந்து நொறுங்கும் தூண் எச்சரிக்கை தரும், பாரத்தைச் சற்று நேரம் சுமக்கும். குறுக்காக வெடிக்கும் தூணுக்கு அந்த நேரம் கிடையாது. மதிப்பீட்டு அறிக்கையில் ஒவ்வொரு தூண் வகைக்கும் "வளைவா, வெட்டா, எது முதலில்?" என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும்.

ஓவர்லாப்பும் கவனிக்க வேண்டியது. தளத்துக்கு நேர்மேலே, தூணின் அடியிலேயே எல்லாக் கம்பியையும் ஓவர்லாப் செய்திருப்பார்கள். கம்பி கட்ட வசதியான இடம், வளைவுக்கு மிக மோசமான இடம். புதிய விதி தூணின் நடுப்பாதியில் செய்யச் சொல்கிறது.

திறந்த இடங்களை அன்றே படமெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பாலிமர் கலவையால் மூடுங்கள்.

7. விரிவான பகுப்பாய்வு

இங்கே சுருக்கமாகவே சொல்கிறோம், பொறியாளர் பார்த்துக்கொள்வார். சங்கம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

அறிவுக் காரணி எவ்வளவு எடுத்தீர்கள்? முழு ஆவணமும் சோதனையும் இருந்தால் 1.0. விவரமே தெரியாவிட்டால் 0.5. வலிமையை இதனால் பெருக்க வேண்டும். ஆவணம் இல்லாமல் 1.0 போட்டிருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

மேல்தளச் செங்கல் சுவர்களைக் கணினி மாதிரியில் சேர்த்தீர்களா? சுவரைப் பாரமாக மட்டும் போட்டு, விறைப்பாகப் போடாத மாதிரியில் ஸ்டில்ட்டின் பலவீனம் தெரியவே தெரியாது. எல்லாத் தளமும் சமமாக அசைவது போலக் காட்டும். இந்தக் கட்டட வகையில் இதைவிடப் பெரிய கணினித் தவறு இல்லை.

வெடிப்பால் குறையும் விறைப்பைக் கணக்கில் எடுத்தீர்களா? ஐஎஸ் 1893:2016 தூணுக்கு 70, பீமுக்கு 35 விழுக்காடு எடுக்கச் சொல்கிறது. தரநிலைகள் திருத்தப்படுவதால், அறிக்கை எந்தப் பதிப்பைப் பின்பற்றியது என்று முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

8. வழியைத் தேர்ந்தெடுத்தல்

செலவில்லாதவற்றை முதலில் முடியுங்கள். மொட்டை மாடியில் தேவையற்ற தொட்டியையும் மண்ணையும் இறக்குங்கள். அரைச் சுவர்களுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி வெட்டி நெகிழும் பொருளால் அடைத்தால் குட்டைத் தூண் ஆபத்து நீங்கும்.

ஸ்டில்ட்டுக்கு மிகச் சிறந்த மருந்து கான்கிரீட் வெட்டுச்சுவர், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கம்பி வைத்த சுவர். தடிமன் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரு திசையிலும், சமச்சீராக, வெளி ஓரங்களை ஒட்டி, முடிந்தால் முழு உயரத்துக்கும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் திருகலை நீங்களே உண்டாக்குகிறீர்கள். சுவருக்குச் சொந்த அஸ்திவாரம் வேண்டும். தூணுக்கு அடியில் உள்ள பழைய ஃபுட்டிங்கின் (அஸ்திவாரத் திண்டு) மேல் சுவரை ஏற்றினால், விசை வரும்போது ஒரு முனை தூக்கிக்கொள்ளும்.

கார் போக வழியில்லை என்பார்கள். வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தால், கார் நுழையாத நான்கு இடங்கள் பெரும்பாலும் கிடைக்கும்: படிக்கட்டுப் பக்கம், பின்சுவர், பக்கவாட்டு ஓரங்கள். நிறுத்துமிடம் குறைந்தால் உள்ளாட்சி அனுமதியையும் பார்க்க வேண்டும்.

நாரிழைத் துணி சுற்றுவது இடம் அடைக்காது, வேலையும் விரைவு. தூண் குறுக்காக வெடிப்பதைத் தடுக்கும். ஆனால் விறைப்பைக் கூட்டாது, ஸ்டில்ட் மென்தளமாகவே இருக்கும். துணி சுற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

9. தூணுக்கு ஜாக்கெட்டிங் செய்யும் வரிசை

பழைய தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பெரிதாக்குவதுதான் ஜாக்கெட்டிங். வெட்டுச்சுவரோடு சேர்த்தோ தனியாகவோ, அதிகம் செய்யப்படும் வேலை இது. அதிகம் கெடுவதும் இதுவே.

முதலில் முட்டு. பீம்களுக்கு அடியில் இரும்பு ஜாக்கி கொடுத்து, அளவாக இறுக்குங்கள். பக்கத்துப் பக்கத்துத் தூண்களை ஒரே நேரத்தில் உடைக்காதீர்கள். ஒன்று விட்டு ஒன்று.

அஸ்திவாரத்திலிருந்து தொடங்குங்கள். ஃபுட்டிங் தெரியும் வரை தோண்டி, புதிய கம்பிகளை அதில் ஊன்ற வேண்டும். தரை மட்டத்தில் தொடங்கிய ஜாக்கெட்டில், பழைய தூணின் பலவீனம் தரைக்கு அடியில் அப்படியே காத்திருக்கும். துளையைத் தூரிகையால் தேய்த்து, காற்றடித்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் காற்றடித்த பிறகே எபாக்சி. தூசி நிறைந்த துளையில் ஊன்றிய கம்பி கையோடு வந்துவிடும். வேலை தொடங்கும் முன் ஒன்றிரண்டு கம்பிகளை இழுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பூச்சையும் உளுத்த கான்கிரீட்டையும் எடுத்து, நல்ல பரப்பை 6 மி.மீ. மேடுபள்ளமாகக் கொத்துங்கள். வழவழப்பான பரப்பின் மேல் ஊற்றிய ஜாக்கெட், பழைய தூணோடு சேர்ந்து இயங்காது. துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கித் துத்தநாகப் பூச்சு கொடுங்கள்.

ஜாக்கெட் தடிமன் குறைந்தது 100 மி.மீ. அதில் கம்பி, கவர், ரிங் எல்லாம் அடங்க வேண்டும். கார் இடிக்கும் என்று 50 மி.மீ. ஆக்கினால் ஜல்லி நுழையாது, தேன்கூடுதான் கிடைக்கும். நம் 230 × 300 தூண் 430 × 500 ஆகும். இதை முன்பே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கார்களை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பாதி வேலையில் எழும் சண்டை இதனால் தவிர்க்கப்படும்.

மூலைக்கு ஒன்றாகக் குறைந்தது 12 மி.மீ. நேர்க்கம்பி. தளத்தில் துளையிட்டு அது மேல்தளத்துக்குத் தொடர வேண்டும். கம்பி தளத்தின் அடியில் முடிந்தால், வளைவு அதிகமான இடத்தில்தான் பலம் இல்லாமல் போகிறது. துளையிடும் முன் கவர் மீட்டரால் பீம் கம்பிகளைக் குறித்து அவற்றை வெட்டாமல் பாருங்கள். தூணின் மூலைகளில் வழக்கமாக இடம் இருக்கும்.

ரிங் 8 மி.மீ. மூடிய ரிங்கைத் தூணைச் சுற்றி மாட்ட முடியாது. எனவே இரண்டு துண்டாக வளைத்து மாட்டி, 135 பாகைக் கொக்கியால் உள்ளே மடக்க வேண்டும், மடக்கிய கால் விட்டத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது 80 மி.மீ. இடைவெளி, மேலும் கீழும் உயரத்தில் கால் பங்குக்கு 100 மி.மீ. சைட்டில் நேரமாகிறது என்று 90 பாகையோடு விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் முப்பது ஆண்டுக்கு முந்தைய தவறைப் புதுக் கம்பியில் செய்ததாகிறது. சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) மூடும் முன் ஒவ்வொரு தூணையும் நான்கு பக்கமும் படமெடுங்கள்.

ஜாயிண்டுக்குள் ரிங் போகப் பீமில் துளையிட வேண்டும். கடினமான வேலை, எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். பொறியாளர் வரைபடத்தில் காட்டியிருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கான்கிரீட், பழையதைவிடக் குறைந்தது 5 நியூட்டன்/ச.மி.மீ. கூடுதல் வலிமையோடு, 10 மி.மீ.க்கு உட்பட்ட ஜல்லியோடு, தானாகப் பரவும் கலவையாக இருக்கட்டும். தளத்தில் இட்ட துளை வழியாக மேலிருந்து ஊற்றினால்தான் பீமின் அடிவரை நிரம்பும். பக்கவாட்டிலிருந்து ஊற்றி, மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு, பிறகு சிமெண்டுக் கலவையால் பூசி மறைப்பது வழக்கமான மோசடி. சென்ட்ரிங் பிரித்த அன்றே மேல்முனையைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். ஈரச் சாக்குச் சுற்றி ஏழு நாளாவது நீராற்றுங்கள்.

சில தூண்களை மட்டும் பெரிதாக்கினால், விறைப்பு கூடிய அவையே விசையை இழுக்கும். எனவே எந்தத் தூண்களுக்கு ஜாக்கெட் என்பதை முடிவு செய்தபின் 7-ஆம் படியின் மாதிரியில் புதிய அளவைப் போட்டு மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். பெருத்த தூணுக்குக் கீழே உள்ள ஃபுட்டிங்கும் பீம்களும் புதிய விசையைத் தாங்குகின்றனவா என்ற விடை வந்த பிறகே ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுங்கள்.

10. சங்கத்தின் கோப்பில் வைக்க வேண்டியவை

தூண் வரைபடம், கோர் முடிவுகள், திறந்து பார்த்த படங்கள், பகுப்பாய்வு அறிக்கை, வேலையின்போது எடுத்த ரிங் படங்கள், கான்கிரீட் ஊற்றிய நாளும் அதன் கனசதுரக் கட்டைச் சோதனை முடிவும். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி பொறியாளரிடம். அடுத்து யாராவது சுவரை உடைக்கவோ தொட்டி வைக்கவோ கேட்டால், இந்தக் கோப்பைப் பொறியாளர் பார்த்து எழுத்தில் சொன்ன பிறகே அனுமதி என்று சங்க விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.